காரில் சென்டர் ஸ்பீக்கர்: தனி ஆளுக்கா, இரண்டு பேருக்கா?

பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுகிறீர்கள், பக்கத்து இருக்கையில் ஆள் உட்காருவது எப்போதாவதுதான் என்றால், டாஷ்போர்டின் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர் வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல டிஎஸ்பிக்கும் (ஒலி சிக்னலைச் சீரமைக்கும் டிஜிட்டல் கருவி) முன்பக்க ஸ்பீக்கர்களுக்கும் போடுங்கள். முன் இருக்கையில் இருக்கும் இருவருக்குமே பாடகரின் குரல் டாஷ்போர்டின் நடுவிலிருந்து வர வேண்டும் என்றால் சென்டர் தேவைப்படும். ஆனால் ஸ்பீக்கர் வாங்கும் முன்பே, இடது வலது சேனல்களிலிருந்து நடுவுக்கு உரியதைப் பிரித்துக் கொடுக்கும் கருவி கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் மாட்டும் சென்டர், இருக்கிற ஸ்டீரியோவையும் கெடுத்துவிடும்.

நடு எங்கே தொலைகிறது

ஓட்டுநரின் தலை இருக்கும் இடத்திலிருந்து இரண்டு பக்க ஸ்பீக்கர்களுக்கும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நடுத்தர அளவுக் காரில் அருகில் இருப்பது சுமார் 90 செ.மீ., எதிர்ப்பக்கம் இருப்பது சுமார் 140 செ.மீ. வரும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. ஆக இந்த 50 செ.மீ. வித்தியாசம் 1.46 மில்லிநொடி. ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஒலி போய்ச் சேர ஆகும் நேரமே அதிகபட்சம் 0.65 மில்லிநொடிதான். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தாமதமாக வரும் எதிர்ப்பக்க ஒலியை மூளை திசை காண எடுத்துக்கொள்வதில்லை. முதலில் வந்த பக்கத்துக்கே குரலை ஒட்டிவிடுகிறது. பேலன்ஸ் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பினால் குரல் கொஞ்சம் நகரும், ஆனால் மங்கலாகப் பரவி நிற்கும்.

இன்னொரு சேதமும் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி வரும் குரல், 50 செ.மீ. வித்தியாசத்தில் சந்திக்கும்போது 343 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிறகு 1029-இலும், 1715-இலும் இதே கதை. உயர் அலைவரிசையில் உள்ள பள்ளங்களை கண்ணாடியிலும் கதவிலும் பட்டுத் திரும்பும் ஒலி ஓரளவு நிரப்பிவிடும். 343-ஐச் சுற்றியுள்ள பள்ளம் மட்டும் அப்படியே காதில் விழும். குரலின் உடம்பு மெலிந்து போவது அதனால்தான். ஈக்வலைசரில் அந்த இடத்தை எவ்வளவு ஏற்றினாலும் பலன் இல்லை, ஏற்றியதும் சேர்ந்தே அழியும்.

முதல் வழி: சென்டர் இல்லாமல், டைம் அலைன்மென்ட் மட்டும்

அருகிலுள்ள ஸ்பீக்கரை 1.46 மில்லிநொடி தாமதப்படுத்தினால் இரண்டும் ஓட்டுநரின் தலையில் ஒன்றாக வந்து சேரும். குரல் எழுந்து நடுவில் நிற்கும், 343 ஹெர்ட்ஸ் பள்ளமும் மூடிக்கொள்ளும். செலவு டிஎஸ்பி மட்டுமே; பல ஹெட் யூனிட்டுகளில் (டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஒரே இருக்கைக்கு இதைவிடத் துல்லியமான வழி கிடையாது. பதிவில் இரண்டு சேனல்தான் இருக்கிறது, அந்த இரண்டையும் கலப்படமில்லாமல் கேட்கிறீர்கள்.

இதற்கான விலையைக் கட்டுபவர் பக்கத்து இருக்கைக்காரர். அவருக்கு அருகில் இருக்கும் ஸ்பீக்கர் 90 செ.மீ. தூரத்தில், தாமதம் இல்லாமல். எதிர்ப்பக்கம் 140 செ.மீ., அதற்கு மேல் நீங்கள் தாமதமாகச் சேர்த்த 50 செ.மீ. வேறு. ஆக மொத்த வித்தியாசம் முழுதாக ஒரு மீட்டர், அதாவது 2.9 மில்லிநொடி. உங்களுக்கு நீங்கிய சிக்கல் அவருக்கு இரட்டிப்பாகிறது. முழுப் பாட்டும் தன் பக்கத்துக் கதவிலிருந்தே வருகிறது என்று அவர் சொன்னால் அது மிகையல்ல.

சென்டர் இல்லாமலே இரு இருக்கைக்கும் ட்யூன் செய்யும் வழி ஒன்று உண்டு. இரண்டு பேருக்கும் தூர வித்தியாசம் ஒன்றே, திசைதான் மாறுகிறது. ஆகவே 170 முதல் 515 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு பக்க ஒலியும் எதிரெதிராக இருக்கும் அந்தப் பகுதியில், ஆல்பாஸ் ஃபில்டர் (ஒலியளவைத் தொடாமல் ஃபேஸை மட்டும் மாற்றுவது) போட்டு ஒரு பக்கத்தின் ஃபேஸை, அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலையை, மட்டும் திருப்பிவிட்டால் இருவருக்கும் குரலின் கீழ்ப்பகுதி திரும்பி வரும். குரல் கச்சிதமாக நடுவில் நிற்காது, ஆனால் மெலிவு போய்விடும். இதற்கு மைக்கும் அளக்கும் மென்பொருளும் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஸ்பீக்கரைக் கதவிலிருந்து காலடிப் பக்கத்துக்கு, அதாவது கிக் பேனலுக்கு, தள்ளி வைத்தாலும் தூர வித்தியாசம் குறையும். ஆல்பாஸையும் கிக் பேனலையும் சேர்த்துச் செய்தால், சென்டருக்குப் போகும் ஆசையே பலருக்குத் தணிந்துவிடும்.

இரண்டாவது வழி: இடதையும் வலதையும் கூட்டி நடுவில் விடுவது

அதிகம் பேர் செய்வதும் இதுதான், அதிகம் பேர் கழற்றி வைப்பதும் இதைத்தான். சரிபாதியாகக் கூட்டிய மோனோவை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பினால் குரல் நடுவுக்கு வரும். முதல் நாள் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இடது ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டிய கிட்டாரும் பாதியளவு நடுவிலிருந்து வரும், வலது ஓரத்தின் கீபோர்டும் அப்படியே. காதுக்குத் தெரியும் இசை மேடை இரண்டு பக்கமும் சுருங்கி டாஷ்போர்டின் நடுவில் குவியும். அதைத் தவிர்க்க சென்டரின் ஒலியளவைக் குறைத்தால், குரல் பழையபடி கதவுக்குப் போய்விடும். இந்த இழுபறிக்கு நடுவில் நல்ல இடம் என்று ஒன்று கிடையாது.

டிஎஸ்பியின் மிக்ஸரில் சிக்னலைத் தலைகீழாகக் கலக்க முடியும் என்றால் நிலைமை கொஞ்சம் மேம்படும். கணக்கு இது: நடுவுக்கு இடது பாதி, வலது பாதி, அதாவது இரண்டும் மைனஸ் 6 டெசிபெல். இடது ஸ்பீக்கருக்கு இடது முக்கால் பங்கு (மைனஸ் 2.5 டெசிபெல்), அதோடு வலது கால் பங்கு (மைனஸ் 12 டெசிபெல்) போலாரிட்டி மாற்றி. வலது ஸ்பீக்கருக்கு இதையே இடம் வலம் மாற்றி. இப்படிச் செய்தால் குரல் நடுவில் முழு அளவிலும் இரு பக்கமும் பாதி அளவிலும் வரும். இடது ஓரத்து ஒலி இடதில் முக்கால், நடுவில் அரை, வலதில் தலைகீழாகக் கால். மூன்றையும் கூட்டினால் பழைய ஸ்டீரியோவின் அளவே திரும்பக் கிடைக்கிறது. மேடை சற்றுக் குறுகத்தான் செய்யும். ஆனால் வெறும் கூட்டலைப் போல நசுங்காது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நடுவில் இருப்பது 3 அங்குல ஸ்பீக்கர், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு எதுவும் போவதில்லை என்று வையுங்கள். ஆனால் பக்கங்களில் கழித்தல் முழு அலைவரிசைக்கும் நடக்கிறது. அப்போது 300-க்குக் கீழே குரலும் பேஸும் பக்கங்களில் 6 டெசிபெல் குறைந்துவிடும், அதை ஈடுகட்ட நடுவிலும் ஆள் இல்லை. ஆணின் பேச்சுக் குரலுக்கு அடிப்படைச் சுரம் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. குரல் தொண்டையிலிருந்து வராமல் மூக்கிலிருந்து வருவது போலக் கேட்கும். கழித்தலை மிட்ரேஞ்சுக்கும் (நடு அலைவரிசை ஸ்பீக்கர்) ட்வீட்டருக்கும் (உயர் அலைவரிசை ஸ்பீக்கர்) போகும் சேனல்களில் மட்டும் வைத்து, பேஸுக்கான கதவு வூஃபருக்குக் கலக்காத இடதையும் வலதையும் அப்படியே கொடுத்தால் இந்தத் தொல்லை வராது. ஆக, பக்கத்துக்கு இரண்டு தனிச் சேனல், நடுவுக்கு ஒன்று, சப்வூஃபருக்கு ஒன்று: குறைந்தது ஆறு சேனல் டிஎஸ்பியும் ஆம்ப்பும்.

மூன்றாவது வழி: பிரித்துக் கொடுக்கும் அப்மிக்ஸர்

இது கண்ணை மூடிக்கொண்டு கூட்டுவதில்லை. இரண்டு சேனலிலும் ஒரே அளவில், ஒரே ஃபேஸில் இருப்பது எது என்று நொடிக்கு நொடி பார்த்து, அதை நடுவுக்கு எடுத்து, பக்கங்களிலிருந்து குறைக்கிறது. ஓரத்துக் கிட்டார் ஓரத்திலேயே இருக்கும். டால்பி ப்ரோ லாஜிக் 2, லாஜிக் 7 இரண்டும் இந்த வகையில் பழைய பெயர்கள். ஜேபிஎல் எம்எஸ்-8 என்ற பெட்டியில் லாஜிக் 7 இருந்தது. இப்போது தயாரிப்பில் இல்லை, பழையது கிடைத்தால்தான். இப்போதைய கருவிகளில் ஹெலிக்ஸின் சில டிஎஸ்பிக்களில் ரியல் சென்டர் என்ற பெயரில் இந்த வேலை நடக்கிறது. வாங்கும்போது ‘சென்டர் அவுட்புட் உண்டு’ என்ற வரியை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் வெறும் கூட்டல். அப்மிக்ஸ் செய்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ப்ரோ லாஜிக் 2-இன் மியூசிக் மோடில் சென்டர் விட்த் என்று 0 முதல் 7 வரை ஒரு அமைப்பு உண்டு. 0 வைத்தால் குரல் முழுக்க நடு ஸ்பீக்கருக்கு, 7 வைத்தால் முழுக்கப் பக்கங்களுக்கு. இரு இருக்கைக்கு 2 அல்லது 3 நல்ல தொடக்கம். 0-இல் வைத்தால், மோனோவில் பதிவான பழைய பாட்டு முழுவதும் உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்குள் அடைபட்டு டிரான்சிஸ்டர் ரேடியோ போல ஆகிவிடும்.

அப்மிக்ஸருக்கு நல்ல சிக்னல் வேண்டும். குறைந்த பிட்ரேட்டில் அழுத்திய பாட்டில் இரண்டு சேனலின் உறவே சிதைந்திருக்கும், குறிப்பாக, மோனோவோடு திசைக் குறிப்பை மட்டும் சேர்த்து அனுப்பும் பாராமெட்ரிக் ஸ்டீரியோ முறையில். கருவி எதை நடுவுக்கு அனுப்புவது என்று தடுமாறும்போது சிம்பல் ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல அலையும். ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் தரமான கோப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

மூன்று சேனல் என்பது பின்னால் ஒட்டவைத்த யோசனையும் அல்ல. 1933-இல் பெல் ஆய்வுக்கூடம் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆர்கெஸ்ட்ரா கச்சேரியை வாஷிங்டனுக்குத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பியபோது, மேடையில் நின்றவை இடம், நடு, வலம் என மூன்று ஸ்பீக்கர்கள். பிறகு வந்த ஸ்டீரியோ இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டே சுவர்தான், அதனால் வீட்டுக்கு வந்தது இரண்டு சேனல். நாம் இப்போது போடும் கணக்கெல்லாம் அந்த விட்டுப்போன மூன்றாவதைத் திரும்பத் தேடுவதுதான்.

கார் கம்பெனியே சென்டர் வைத்திருந்தால்

முதலில் அது கூட்டலா, பிரித்தலா என்று கண்டுபிடியுங்கள். இடது சேனலில் மட்டும் 1000 ஹெர்ட்ஸ் டோன் இருக்கும் கோப்பைப் போட்டு, நடு கிரில்லில் காதை வையுங்கள். தெளிவாகக் கேட்டால் வெறும் கூட்டல். கிட்டத்தட்ட அமைதி என்றால் உள்ளே அப்மிக்ஸர் இருக்கிறது; அந்தக் காரில் சென்டரைத் துண்டிக்காதீர்கள், பக்கங்களிலிருந்து ஏற்கெனவே குரல் கழிக்கப்பட்டிருக்கும். அதே காரணத்தால், கம்பெனி ஆம்ப்பின் வெளியீட்டைப் புது டிஎஸ்பிக்குக் கொடுக்கும்போது நடுச் சேனலையும் தனியாகக் கொண்டுவர வேண்டும். இடது வலதை மட்டும் எடுத்து மறுபடியும் அப்மிக்ஸ் செய்தால் குரலில் பாதிதான் கைக்கு வரும்.

ஸ்பீக்கரை மட்டும் மாற்றுகிறவர்கள் பழையதைத் திருப்பிப் பாருங்கள். முனையில் கெபாசிட்டர் பற்றவைத்திருக்கலாம். 4 ஓம் ஸ்பீக்கரில் 47 மைக்ரோஃபாரட் என்றால் ஏறக்குறைய 850 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுக்கிறது, 100 என்றால் 400. புது ஸ்பீக்கரைக் கெபாசிட்டர் இல்லாமல் மாட்டினால் முழு பேஸும் அதற்குள் பாயும். சத்தம் கூட்டிய முதல் பாட்டிலேயே கரகரக்கும். ஓம் அளவும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்: பல கம்பெனி சென்டர்கள் 2 ஓம், அங்கே 4 ஓம் போட்டால் ஒலி குறையும், 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் போட்டால் ஆம்ப் சூடாகும்.

ஸ்பீக்கரும் இடமும்

இரண்டு பக்கமும் நடுவும் ஒரே ஸ்பீக்கராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்றும் 3 அல்லது 3.5 அங்குல மிட்ரேஞ்ச், பக்கத்தவை டாஷ்போர்டின் மூலைகளில் அல்லது ஏ பில்லரில் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்): இதுதான் இலக்கு. பக்கத்து மிட்ரேஞ்ச் கதவின் அடியில், நடு மட்டும் டாஷ்போர்டின் மேல் என்றால் குரல் உயரத்திலும் வாத்தியங்கள் முழங்கால் மட்டத்திலும் நிற்கும். பக்கங்களை மேலே கொண்டுவர முடியாத காரில் நடுவுக்குச் செலவு செய்வது வீண் என்பது என் கருத்து.

இரண்டு வூஃபரைக் கிடையாக வைத்து நடுவில் ட்வீட்டர் உள்ள வீட்டு சென்டரின் சின்ன வடிவத்தைக் காருக்குள் கொண்டுவர வேண்டாம். இருவரும் பக்கவாட்டில் உட்காருகிறார்கள். அந்தக் கோணத்தில் இரண்டு வூஃபரும் ஒன்றையொன்று அழிக்கும். ஒற்றை ஃபுல் ரேஞ்ச் அல்லது ட்வீட்டர் நடுவிலேயே பொருந்திய கோஆக்சியல்தான் பொருந்தும்.

மேல்நோக்கி வைத்த ஸ்பீக்கரின் ஒலி நேராகவும் வரும், முன் கண்ணாடியில் பட்டும் வரும். கண்ணாடி வழி 12 செ.மீ. கூடுதல் தூரம் என்றால் 1430 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். குரலின் தெளிவு இருக்கும் இடம் அது. ஸ்பீக்கரைக் கண்ணாடியை ஒட்டி நகர்த்தி வித்தியாசத்தை 4 செ.மீ. ஆக்கினால் பள்ளம் 4300-க்கு ஏறி, தொந்தரவு குறையும். முடிந்தால் இரு இருக்கைக்கும் நடுவே பார்க்கும்படி ஒரு 20 டிகிரி சாய்த்து வையுங்கள்.

டாஷ்போர்டுக்குள் விடும்போது ஸ்பீக்கரின் ஓரத்தைச் சுற்றி ஃபோம் கேஸ்கெட் அவசியம். முன்புறமும் பின்புறமும் காற்று கலந்தால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி காணாமல் போகும். ஏசி குழாய், பிளாஸ்டிக் கிளிப் எல்லாவற்றிலும் ஃபெல்ட் டேப் ஒட்டுங்கள்; 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை டோனை மெல்ல நகர்த்தினால் எது அதிர்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். வெயிலில் நிற்கும் காரில் டாஷ்போர்டின் மேல்பகுதி கடுமையாகச் சூடேறும். சாதாரண ரக நியோடிமியம் காந்தத்துக்கு 80 டிகிரிதான் வரம்பு, ஆகவே அதிக வெப்பம் தாங்கும் ரகமா என்று பாருங்கள். ஃபெர்ரைட் காந்தம் என்றால் இந்தக் கவலை இல்லை, ஆனால் ஆழம் கூடும். டாஷ்போர்டைக் கழற்றும் முன் பேட்டரியின் மைனஸை எடுத்து, காரின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ஏர்பேக் திறக்கும் வழியில் பெட்டியோ வயரோ எதுவும் குறுக்கே வரக் கூடாது. பில்லரில் போகும் வயர் கர்ட்டன் ஏர்பேக்கின் பின்னால்தான் போக வேண்டும்.

வயரில் செய்யும் தவறுகள்

தனி ஆம்ப் சேனல் இல்லாமல், இடது பிளஸுக்கும் வலது பிளஸுக்கும் நடுவே ஒரு ஸ்பீக்கரை மாட்டினால் சென்டர் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் உலவுகிறது. கிடைப்பது கூட்டல் அல்ல, கழித்தல்: நடுவில் எது இருக்கக் கூடாதோ அதெல்லாம் வரும், குரல் மட்டும் வராது. இடது வலது ஸ்பீக்கர் வயர்களை ஒன்றாக முறுக்கினால் ஹெட் யூனிட்டின் ஆம்ப் ஐசி போய்விடும். ஆம்ப்புக்கு முன்னால் சிக்னல் போகும் ஆர்சிஏ பக்கத்தில், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளைத் திருப்பிப் போட்டு இரண்டு வெளியீட்டை ஒன்றாக்குவதும் சரியல்ல. ஒன்று மற்றதை ஓட்டப் பார்க்கும், ஸ்டீரியோ பிரிவும் குலையும். கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு வழியிலும் 1 முதல் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துக் கூட்டுங்கள், அல்லது அந்த வேலையை டிஎஸ்பியிடம் விடுங்கள்.

ட்யூனிங்

எந்த ஸ்பீக்கருக்கு எந்த அலைவரிசை என்று பிரிக்கும் கிராஸ்ஓவரில் தொடங்குங்கள். 3 அங்குலத்துக்கு ஹை பாஸ் (அதற்குக் கீழே தடுப்பது) 300 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவு. கீழே இறங்க ஆசைப்பட வேண்டாம்: அலைவரிசை பாதியானால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு அசைய வேண்டும். அப்மிக்ஸர் நடுவுக்கு எடுத்ததில் 300-க்குக் கீழே உள்ளதைப் பக்கங்களுக்கே திருப்பி அனுப்புகிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள், இல்லாவிட்டால் முன்பு சொன்ன மெலிவுதான்.

தாமதத்தில் ஓட்டுநரை மறந்துவிடுங்கள். இடது வலது இரண்டுக்கும் ஒரே தாமதம். நடு ஸ்பீக்கர் இருவருக்கும் 85 செ.மீ., அருகிலுள்ள பக்கம் 90 செ.மீ. என்றால் நடு முன்னதாகவே வருகிறது, அப்படியே விடலாம். நடு 100 செ.மீ. தள்ளி இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் 0.3 மில்லிநொடி சேர்த்து நடுவோடு சமமாக்குங்கள். பக்க ஸ்பீக்கர் முந்திக்கொள்ளும் வரை குரல் கதவை விட்டு வராது.

ஒலியளவுக்கு, ஒரே ஆள் பேசும் மோனோ பதிவைப் போட்டு ஒருவர் ஓட்டுநர் இருக்கையிலும் மற்றவர் பக்கத்திலும் கண்ணை மூடி உட்காருங்கள். பேசுபவர் எங்கே என்று இருவரும் விரல் நீட்டுங்கள். இரண்டு விரலும் நடு கிரில்லை நோக்கிச் சந்திக்கும் வரை சென்டரை அரை அரை டெசிபெல்லாக ஏற்றுங்கள், சந்தித்ததும் நிறுத்துங்கள். அடுத்து இடது ஓரத்தில் மட்டும் வாத்தியம் இருக்கும் பாட்டு. அது ஓரத்தைவிட்டு உள்ளே வந்தால் சென்டர் விட்த்தை ஒரு படி கூட்டுங்கள், அல்லது சென்டரை 1 டெசிபெல் இறக்குங்கள்.

டிஎஸ்பியில் இரண்டு பிரீசெட் (சேமித்து வைக்கும் அமைப்பு) இருந்தால் தனியாக ஓட்டும்போதைய அமைப்பை முதலாவதில் வையுங்கள்: அப்மிக்ஸர் அணைத்து, சென்டர் மியூட், பழையபடி 1.46 மில்லிநொடி. ஆள் ஏறும்போது இரண்டாவது.